கையம்மா பார்க்காத நான்கு வினாடி

கையம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. மாதா மாதம் சம்பளச் சீட்டில் அது அச்சாகி வரும். மற்றபடி இருபத்திரண்டு வருடமாக எல்லோரும் அவளைக் கையம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பார்த்த வேலை அப்படி. பக்கத்துக் கோளிலிருந்து ஒரு விண்கலம் கொண்டுவந்த கற்களைக் காக்கும் கட்டடத்தில் வேலை. ஏதோ பக்கத்து வீட்டைச் சொல்வது போல பக்கத்துக் கோள் என்று சொல்லிவிடுகிறோம். போய்த் திரும்ப மூன்று வருடம் பிடித்தது. வந்து சேர்ந்தவை ஏழு குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டை விரல் அளவில் ஒரு கல். அந்த ஏழு விரலுக்காக உலகத்து ஆய்வாளர்கள் அத்தனை பேரும் வரிசை கட்டி நின்றார்கள்.

கற்கள் இருந்தது எஃகுப் பெட்டிக்குள். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன், ஏனென்றால் நாம் மூச்சு விடுகிற காற்று அந்தக் கல்லுக்கு ஆகாது, பட்டால் துருவேறிவிடும். பெட்டியின் சுவரிலேயே நீளமான ரப்பர் கையுறைகள் பொருத்தியிருக்கும். வெளியே உட்கார்ந்தபடி கையை அதற்குள் விட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். பெட்டிக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் உட்காருபவர் கை. தொடுவது, தூக்குவது, நறுக்குவது எல்லாம் அவர்தான். இன்னொன்றில் உட்காருபவர் கண். பார்ப்பதும் எழுதுவதும் அவர் வேலை. கை செய்வதைக் கை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கண் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். கண் எழுதும்போது தலை குனியும். அந்த நேரத்தில் கை அசையவே கூடாது, கல்லை விட்டுப் பார்வையை எடுக்கவும் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வோமே, அப்படி. ஆனால் அந்த அறைக்குள் எண்ணெய் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எண்ணெய் மட்டுமா? பவுடர், கை கிரீம், நகப்பூச்சு, வாசனை சோப்பு, மோதிரம் எதுவும் கூடாது. மோதிரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் உதிரும் தங்கம் கல்லில் ஒட்டிக்கொண்டால், நாளைக்கு ஒரு ஆய்வாளர் அந்தக் கோளில் தங்கம் இருக்கிறது என்று ஊரைக் கூட்டிவிடுவார். கையம்மா வேலையில் சேர்ந்த முதல் வாரமே கல்யாண மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் அன்றைக்கே ஆரம்பித்தார். "அப்ப இனிமே உனக்குக் கல்யாணம் ஆனது கல்லுக்குத் தெரியக் கூடாது, அப்படித்தானே?" அதற்கப்புறம் வீட்டில் அவர் அந்தக் கற்களைச் சக்களத்திகள் என்றே சொல்லிவந்தார். ஏழு சக்களத்திகளோடு குடும்பம் நடத்துகிற ஒரே ஓட்டுநர் தான்தான் என்று பணிமனையில் பெருமையடித்துக்கொள்வாராம்.

அதற்கு முன்னால் அவள் சட்டைத் தொழிற்சாலையில் பட்டன் துளை தைத்துக்கொண்டிருந்தவள். கை நடுங்காத ஆட்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. போன இடத்தில் படிப்பைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கேட்கவில்லை. கையுறைக்குள் கையை விட்டு ஒரு எஃகுக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் இரண்டு மணி நேரம் பிடித்திருக்கச் சொன்னார்கள். வந்திருந்த பதினெட்டுப் பேரில் சிலருக்குக் கை வலித்தது, சிலருக்குக் கோபம் வந்தது. ஒருவர் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்டுவிட்டே போனார். அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரம் முடிந்து வைக்கச் சொன்னபோது, "எங்க வைக்கணும்?" என்று கேட்டாள். வேலை கிடைத்துவிட்டது.

சேர்ந்த பிறகு அவள் கறார் அங்கே பிரசித்தம். புதிதாக வந்த நானூறு கையுறைகளில் ஒன்றை விரலால் தேய்த்துப் பார்த்து, உள்ளே மாவு தடவியிருக்கிறது என்று அத்தனையையும் திருப்பி அனுப்பியவள். விற்றவர் மூன்று முறை போன் பண்ணி, மாவே கிடையாது என்று சாதித்தார். நான்காவது முறை அவரே மன்னிப்புக் கேட்டார். அவளோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். கத்த மாட்டாள், முறைக்க மாட்டாள். சொன்னதையே அதே குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்பாள். எதிரில் இருப்பவர்தான் களைத்துப்போவார்.

இருபது வருடத்தில் ஆறு குழாய்களைத் திறந்தாயிற்று. ஆறையும் திறந்தது அவள் கைதான். ஏழாவதை மட்டும், நல்ல கருவிகள் வரட்டும் என்று மூடியே வைத்திருந்தார்கள். ஒரு வழியாக அதற்கும் நாள் குறித்தார்கள். அவள் ஓய்வு பெறப் பத்து மாதம் இருந்தது. திறப்பு இன்னும் இரண்டு மாதத்தில். அந்தக் குழாய்க்காக அவள் உள்ளுக்குள் எப்படித் தவித்தாள் என்பது யாருக்கும் தெரியாது, கணவரைத் தவிர. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுகூட அவள் விரல்கள் காற்றில் ஏதோ மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்.

இந்த நேரத்தில்தான் குடும்ப நாள் வந்தது. வருடத்துக்கு ஒரு நாள், ஊழியர்களின் குடும்பத்தார் வந்து பார்வையாளர் ஜன்னல் வழியாக வேலையைப் பார்க்கலாம். அவள் கணவர் இருபத்திரண்டு வருடமாக வந்ததில்லை. "சக்களத்தி வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்?" என்று தட்டிக் கழித்துவிடுவார். அந்த வருடம் சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பு எடுத்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

உள்ளே அப்போது நான்காம் கல்லும் ஐந்தாம் கல்லும் இரண்டு தட்டுகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒரு கல்தான். ஐந்தாம் கல்லுக்காக ஒன்பது வருடமாக விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த ஆய்வாளர் ஒருவர், இரண்டையும் சேர்த்து ஒரு படம் வேண்டும் என்று அனுமதி வாங்கியிருந்தார். கட்டடத்தில் அவருக்கு ஒன்பது வருஷம் என்றே பெயர். கண்ணாக உட்கார்ந்திருந்தவள் கையம்மாவோடு பதினோரு வருடம் ஒரே பெட்டியில் வேலை செய்தவள். "அஞ்சோட எடை எழுதறேன் அக்கா" என்று சொல்லித் தலையைக் குனிந்தாள்.

கையம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகக் கையை ஆட்டினார். அவளுக்கு ஆச்சரியத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவளை அறியாமலே கையுறைக்குள் அவளுடைய வலது கையிலும் இரண்டு விரல் எழும்பி அசைந்து தட்டுகளை இடித்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவ்வளவுதான். குனிந்து பார்த்தபோது இரண்டு தட்டுக்கும் நடுவில், எஃகுத் தரையில், பென்சில் முனையளவில் இரண்டு துணுக்குகள் கிடந்தன.

கண் தலை நிமிர்ந்தாள். "அக்கா, எது எதோடது?"

"இடது பக்கத்தது நாலு. வலது பக்கத்தது அஞ்சு" என்றாள் கையம்மா.

கண் அதைத் திருப்பிச் சொன்னாள், எழுதினாள். துணுக்குகள் அதனதன் குப்பிக்குப் போயின. வலப்பக்கத் துணுக்கில் ஐந்தாம் கல்லில் இருப்பது போலவே வெளிறிய கோடு ஒன்று ஓடியது. இருபது வருடமாக அந்தக் கற்களை அவள் பார்த்த பார்வைக்குத் தப்பவே தப்பாது. ஆனாலும் கையுறையிலிருந்து கையை எடுக்கும்போதே அவளுக்கு விதி நினைவுக்கு வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தின் முதல் விதி என்னவென்றால், விழுவதைப் பார்க்காத துணுக்கு எந்தக் கல்லுக்கும் சொந்தமில்லை. அதற்கென்று தனிக் குப்பி உண்டு. சாட்சி இல்லாதது என்று அதன்மேல் எழுதியிருக்கும். அதற்குள் போன துணுக்கை வைத்து எந்த ஆய்வாளரும் எந்தக் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுத முடியாது. பெட்டிக்கு மேல் காமிரா ஒன்று இருந்தது. நேரம் பார்த்து அவள் முன்கையே அதை மறைத்திருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலில் பக்கத்தில் நின்றவர்களிடம், அது என் பெண்டாட்டி என்று சொன்னதை நான்கு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை ஆரம்பித்தபோது அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது.

"நான் வந்திருக்கவே கூடாது."

"நீங்க வந்ததுல தப்பே இல்ல. நான் நிமிந்ததுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, பாத்த மாதிரி சொன்னது."

"ஆனா உனக்குத் தெரியுமில்ல, எது எதுன்னு?"

"தெரியும்."

"அப்புறம் என்ன? நாலு செகண்டு தானே" என்றவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாலு செகண்டுல பஸ்ஸு அம்பது மீட்டர் போயிரும்" என்றார். "ரோடு காலியா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்னு சொன்னா எவன் கேப்பான்?" பிறகு, "சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"தப்பா சாட்சி சொன்னவங்க ஒரு வருஷம் பெட்டிக்குள்ள கைய விடக் கூடாது."

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. பத்து மாதத்தில் ஓய்வு. அதற்கு மேல் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பொறுப்பாளர் அறைக்குப் போனாள். குழாய்கள் இருக்கும் பெட்டகத்தின் சாவி அவரிடம் இருந்ததால் அவருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். நல்ல மனிதர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கையம்மா, நீங்க சொல்லலைன்னா இது யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் சார்."

"ஏழாம் குழாய் உங்க கைலதான் திறக்கணும்னு நானே எழுதி அனுப்பியிருக்கேன். ரெண்டு மாசம்தான் இருக்கு. அதுக்கப்புறம் சொன்னா என்ன?"

அந்த வழி அவள் மனதில் தோன்றாமல் இல்லை. காலையில் பேருந்தில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள், தன்மேலேயே அருவருப்பு வரும் அளவுக்கு. "ரெண்டு மாசத்துல நம்ம ஒன்பது வருஷம் சார் அந்தத் துணுக்கை அரைச்சு முடிச்சிருப்பார். அரைச்சத ஒட்ட வைக்க முடியாது. பதிவைத் திருத்தணும் சார்" என்றாள். அவர் இன்னும் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் பதிவைத் திருத்தணும் சார் என்பதையே அதே குரலில் சொல்லிக்கொண்டு நின்றாள். பூட்டு திறந்துகொண்டது. திருத்தப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் அவள் தன் கையாலேயே எழுதினாள்: ஜன்னலைப் பார்த்தேன். கையை அசைத்தேன்.

செய்தி பரவியதும் ஒன்பது வருஷம் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் கோப்பு. கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

"அம்மா, அது அஞ்சாம் கல்லோட உள்பக்கத்துத் துணுக்கு. வெட்டாம தானா உடைஞ்சது. அப்படி ஒண்ணு இன்னொரு தடவ கிடைக்காது. உங்களுக்கு நிச்சயமா தெரியுமா, தெரியாதா?"

"நிச்சயமா தெரியும் சார்."

"பின்ன?"

"பாக்கல."

அவர் அவளை வையவில்லை. வைதிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவரைப் போல நின்றுவிட்டுப் போனார்.

கண் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பதிவு தவறென்றால் எழுதியவளுக்கும் ஒரு சிவப்புக் கோடு விழும். பதினோரு வருடத்தில் முதல் கோடு. "எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. அந்த நிமிஷமே சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்று மட்டும் கேட்டாள். அதில் நியாயம் இருந்தது. சாப்பாட்டு அறையில் கண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு மேசையில் போய் உட்காருவாள்.

கையம்மாவைக் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். பெட்டிக்குள் போகிற இடுக்கி, கரண்டி, தட்டு, திருகாணி எல்லாம் அங்கே சுத்தமாகும். மூன்று தொட்டிகள், கொதிக்கக் கொதிக்கத் தூய நீர், உலர்த்தும் அடுப்பு. ஒரு தட்டை முழுக்கக் கழுவி முடிக்க ஐம்பது நிமிடம். தண்ணீரை நுண்ணோக்கியில் பார்த்து, ஒரு பொடி தெரிந்தாலும் முதலிலிருந்து. வந்த முதல் வாரமே, மூன்றாம் தொட்டியின் மூடியில் ரப்பர் வளையம் நைந்து பொடி உதிர்வதைக் கண்டுபிடித்து மாற்ற வைத்தாள். தண்டனைக்காக வந்தவள் என்று அவளைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. வேலையில் ஒரு இம்மி குறையவில்லை. மனசு குறைந்துதான் இருந்தது.

ஏழாம் குழாய் திறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது கழுவும் அறைக் கதவில் கண் வந்து நின்றாள். கையின் நாற்காலி இப்போது அவளுக்கு வந்திருந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"அக்கா, மூடி திருகும்போது இடது கைல கிண்ணத்த எங்க பிடிப்பீங்க?"

"மூடிக்கு நேர் கீழ. முழங்கைய மேசையில ஊணிக்கோ. மூச்சை நிறுத்தாத, நிறுத்தினா கை ஆடும்."

"பயமா இருக்கு அக்கா."

"இருக்கட்டும். இருந்தாதான் நல்லது."

திறப்பு நாளன்று ஜன்னலில் ஒரே கூட்டம். கையம்மாவும் போனாள். அந்த ஜன்னலின் வெளிப்பக்கம் அவள் நிற்பது அதுதான் முதல் தடவை. முன்வரிசையில் இடம் விட்டார்கள். வேண்டாம் என்று ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். உள்ளே இருப்பவள் நிமிர்ந்தால் தன் முகம் தெரியக் கூடாது. அங்கிருந்து பார்த்தால் பெட்டியில் பாதிதான் தெரிந்தது. மூடி திருகும் கைகள் தெரிந்தன, கல் தெரியவில்லை. கூட்டம் கைதட்டியதை வைத்துத்தான் கல் வெளியே வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

அதற்கு நான்கு மாதம் கழித்து ஒரு பிற்பகலில் ஒன்பது வருஷம் கழுவும் அறைக்கு வந்தார். விதிப்படி தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, முகமூடி. கண்கள் மட்டும் தெரிந்தன. அவை சிரித்துக்கொண்டிருந்தன.

"அம்மா, சாட்சி இல்லாத குப்பியில இருந்த ரெண்டு துணுக்கையும் சோதனை பண்ண அனுமதி வாங்கினேன். தூள் பண்ணல, வெளிச்சம் பாய்ச்சித்தான் பாத்தேன். நீங்க அன்னைக்குச் சொன்னது நூத்துக்கு நூறு சரி. வலது பக்கத்தது அப்படியே அஞ்சாம் கல்லு. அந்தக் கோடு, கலவை, எல்லாம்."

அவள் தட்டைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். இருபது வருடக் கை பொய் சொல்லவில்லை. அந்த ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். "பொறுப்பாளர்கிட்ட பேசிட்டேன். என் சோதனையும் உங்க பழைய வார்த்தையும் ஒத்துப்போகுது. இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா துணுக்கு அஞ்சாம் கல்லுக்கே திரும்பிடும். உங்க பதிவு தவறு இல்லைன்னு ஆயிடும், தடையும் போயிடும். அடுத்த மாசம் ஏழாம் கல்லை முதல் தடவயா வெட்டப் போறாங்க. அந்த நாற்காலியில நீங்க உக்காரலாம்."

அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். நான்கே வரிதான். கடைசி வரியில், துணுக்கு ஐந்தாம் கல்லிலிருந்து விழுந்ததை உறுதி செய்கிறேன் என்று இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"அஞ்சு மாதிரி இருக்கறதால அது அஞ்சுன்னு சொல்றீங்க. ஒருவேளை நாலாம் கல்லுக்குள்ள ஏதோ ஒரு மூலையில இதே மாதிரி கோடு ஓடுதுன்னு வைங்க. அது உதிந்து விழுந்தா, அதையும் நீங்க அஞ்சுன்னுதானே எழுதுவீங்க?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"நாலுக்குள்ள அந்தக் கோடு இருந்துச்சுங்கறதே அப்புறம் யாருக்கும் தெரியாமப் போயிடும். இன்னும் அம்பது வருஷம் கழிச்சு யாராவது அதைத் தேடுவாங்க. நம்ம ரெண்டு பேரும் சேந்து அதை இல்லைன்னு பண்ணியிருப்போம்."

"வாய்ப்பு ரொம்பக் குறைவும்மா" என்றார் அவர். குரலில் பழைய வேகம் இல்லை. நாற்காலி இல்லாத அறை அது. தொட்டியின் விளிம்பில் சாயப் போனவர், விதி நினைவு வந்து நேராக நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கு அந்தக் கல்லைத் தொடணும்னு ஆசையே இல்லையா?"

"ஆசை இல்லையாவா? இப்பக்கூட இதுல கையெழுத்தப் போட்டுட்டு ஓடிப் போய் உக்காந்துடலாமான்னுதான் இருக்கு. உங்க சோதனை என்ன சொல்லுதோ அத உங்க பேர்ல எழுதுங்க சார், அது உங்க வேலை. விழுந்ததை உறுதி செய்யறேன்னு என்னால எழுத முடியாது. நான் பாக்கல."

ஈரம் படாமல் இரண்டு விரலால் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, வழக்கத்துக்கு மாறாக, கதவருகே நின்று அவளைப் பார்த்து லேசாகத் தலை குனிந்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு கையம்மா அழுதாள். சத்தமில்லாமல், நின்ற இடத்திலேயே, நன்றாக அழுதாள். முகமூடி நனைந்துவிட்டது. நனைந்த முகமூடியோடு தொட்டிப் பக்கம் வரக் கூடாது. அதனால் வெளி அறைக்குப் போய் முகத்தைக் கழுவி, உலரும் வரை காத்திருந்து, புதிய முகமூடி ஒன்றைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். தொட்டிக்குள் பாதியில் விட்டுப்போன தட்டு கிடந்தது. பாதியில் விட்டதைத் தொடரக் கூடாது என்பதால் அதை எடுத்து, முதல் தொட்டியிலிருந்து கழுவ ஆரம்பித்தாள்.